பர்மா மானிய மனுவும் இரண்டு கைரேகைகளும்

எனக்குப் பிறகு தென்காசித் தபாலாபீஸ் கவுண்டருக்கு வந்திருக்கும் பெண் சென்ற வாரம் ஒரு கடிதம் போட்டிருந்தாள். அதற்குள் இன்னொரு கடிதமும் இருந்தது. சுந்தரபாண்டியபுரத்து விவசாயி ஒருவருக்கு வந்தது அது. கிணறு வெட்ட அவருக்கு மானியம் அனுமதியாகியிருப்பதாகவும், முத்திரைச் செலவுக்கு முப்பது ரூபாயை இன்னார் பெயருக்கு மணியார்டர் செய்தால் மானியப் பணம் உடனே புறப்படும் என்றும் கண்டிருந்தது. “அக்கா, இந்த மாதிரி வாரம் ஒன்று வருகிறது. பார்த்தவுடன் கண்டுகொள்ள ஒரு பட்டியல் போட்டு அனுப்புங்கள்” என்று கேட்டிருந்தாள்.

பட்டியல் போடுவது எனக்கு மூச்சு விடுவது போல. உடனே எழுதினேன்.

ஒன்று: மானியம் கொடுக்கிறவர்கள் அதற்கான செலவை மானியத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். முன்கூட்டிக் கேட்டால் மானியம் இல்லை.

இரண்டு: சர்க்காருக்குக் கட்டும் பணம் கஜானாவுக்குப் போகும். ஒரு தனி ஆளின் பெயருக்குப் போகாது.

மூன்று: பத்து நாள், ஐந்து நாள் என்று கெடு வைத்து அவசரப்படுத்தினால், அது யோசிக்க விடக்கூடாது என்பதற்காக.

நான்கு: ‘யாரிடமும் சொல்ல வேண்டாம்’ என்ற வரி வந்தால் அதற்கு மேல் வாசிக்கவே வேண்டாம்.

இந்த நான்கும் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் ஒரு தடவை ஏமாந்தேன். ஏமாந்தேன் என்பதுகூடச் சரியில்லை. ஏமாற்றுகிறவர்களுக்கு வேண்டியதை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அதைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் அனுப்புவது முறையாகத் தோன்றவில்லை.

ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கே சிரிப்பு வருகிறது. வயது முப்பத்தொன்று. சண்டைக்காலத்தில் ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட, காலியான நாற்காலிகளில் எங்களைப் போன்ற பெண்களைத் தற்காலிகமாக உட்கார வைத்தார்கள். சண்டை முடிந்ததும் நன்றிக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். பாளையங்கோட்டையில் பள்ளிப்படிப்பு, மதுரையில் ஒன்பது மாதம் தந்திப் பயிற்சி, தென்காசியில் ஆறு வருஷம். என் உத்தியோகம் அவ்வளவுதான். பயிற்சியைப் பற்றிச் சொல்லவும் அதிகமில்லை. புள்ளியும் கோடும் முதலில் எழுத்தாகக் கேட்டன, பிறகு சொல்லாக, கடைசியில் பக்கத்தில் ஒருவர் பேசுவது போல.

போஸ்ட்மாஸ்டர் பரமசிவம் பிள்ளை கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு தொங்கும். அதன் நுனியில் பூதக்கண்ணாடி. கைநாட்டு வைத்துப் பணம் வாங்குகிறவர்கள் அவரிடம் பட்ட பாடு கொஞ்சமல்ல. இடது கைப் பெருவிரலை முதலில் ஈரத் துணியில் துடைக்க வேண்டும். பிறகு உலர்ந்த துணி. மைத்தட்டில் தொட்டு, காகிதத்தில் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு ஒரே ஒரு தடவை உருட்ட வேண்டும். கீழே பெயர், பக்கத்தில் எழுதத் தெரிந்த ஒருவரின் சாட்சிக் கையெழுத்து. நடுவில் விரல் நழுவினால் முதலிலிருந்து.

“ஏலே, இட்லி மாவையா அமுக்குத? உருட்டுலே. விரலை உருட்டுலே.”

“இதுக்கு மேல உருட்டுனா விரலு கழண்டு கையில வந்துரும் சாமி.”

“வரட்டும். அதையும் ரசீதோட ஒட்டி அனுப்புதேன்.”

இப்படிப் பேசுவாரே தவிர, மங்கலான ரேகை ஒன்றைக்கூட அவர் அந்த ஆபீசை விட்டு வெளியே அனுப்பியதில்லை.

சீசன் மாதங்களில் என்னைக் குற்றாலத்து ஆபீசுக்கு மாற்றிவிடுவார்கள். அருவிக்கு வருகிறவர்களின் தந்தி அங்கே குவியும். பகல் மூன்று மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருக்கும். மலை மேகத்துக்குள் போய்விடும். எதிர்ச் சாரியில் இருக்கும் கடைகூடச் சில நேரம் தெரியாது. ஆட்கள் அந்த வெள்ளைப் புகைக்குள்ளிருந்து பாதி உடம்பாக வருவார்கள், பிறகு முழு உடம்பாக. அருவி இரைச்சல் ஓயாது. இரண்டு நாளில் அது காதில் விழுவது நின்றுபோகும். அதன் பிறகுதான் அது என்னைத் தொந்தரவு செய்யும், ஏதோ ஒன்றை மறந்துவிட்டது போல.

ஈரம் ஏறினால் கம்பியில் மின்சாரம் கசியும். யாரும் தட்டும் சாவியைத் தொடாமலே தந்திக் கருவி நாலைந்து தட்டுத் தட்டும். நிற்கும். மறுபடி தட்டும். முதல் வருஷம் ஒரு பிற்பகலில் நான் அதைப் பென்சிலால் எழுதிக்கொண்டே போனேன். எழுத்து சேர்ந்து ஓர் ஆளின் பெயர் போல ஆகிக்கொண்டு வந்தது. மேற்பார்வைக்கு வந்த போஸ்ட்மாஸ்டர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

“எந்த ஆபீஸ் கூப்பிடுது?”

“தெரியலை ஐயா. பேர் மாதிரி வருது.”

“ஒருத்தரும் கூப்பிடலை. மழை தட்டுது, உன் காது அர்த்தம் சேர்க்குது. மழை அடிக்கிற தந்திக்குக் கட்டணம் யாரு கட்டுவா? கிழிச்சுப் போடு.”

கிழித்துப் போட்டேன். ஆனால் அந்தப் பெயர் எப்படி முடிந்திருக்கும் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரங்கூன் விழுந்த மறு வருஷம், ஆனி மாதத் தொடக்கத்தில், கோமதி வந்தாள். இலஞ்சிக்காரி. என் வயதுதான் இருக்கும். புருஷன் ரங்கூனில் அரிசி மில்லில் மூட்டை தூக்கப் போனவன். எழுதத் தெரியாது. ஊர்க்காரர்கள் யாராவது திரும்பும்போது பணமும் சேதியும் கொடுத்தனுப்புவான். குண்டு விழுந்து எல்லோரும் நடந்தே புறப்பட்டபோது அவனும் புறப்பட்டானாம். கூட நடந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவன் வரவில்லை.

அவள் கையில் அச்சடித்த மனு இருந்தது. தலைப்பில் ஒரு சிங்க முத்திரை. பர்மாவிலிருந்து திரும்பாதவர்களைக் கண்டுபிடித்து வீட்டில் சேர்க்கவும், பிழைப்புக்கு அறுநூறு ரூபாய் கொடுக்கவும் ஒரு மானியமாம். வடக்கே ஒரு பெரிய ஊரின் முகவரி. தபாலில் வந்ததாகச் சொன்னாள். கட்டணம் எதுவும் கேட்கவில்லை. அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ரங்கூன் போனவர்கள் வீடு எதுவென்று எந்தச் சந்தைக்குள் நின்று கேட்டாலும் யாராவது சொல்லிவிடுவார்கள் என்பதும் அப்போது தோன்றவில்லை.

முடிவில் அவர்கள் பிடிபட்டார்களா என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லை. போலீசுக்கு எழுதினோம். அந்த முகவரியில் ஒரு பூட்டிய அறை இருந்ததாகப் பதில் வந்தது.

காலிக் கட்டங்களைப் பார்த்தால் நிரப்பாமல் இருக்க என்னால் முடியாது. பேனாவை எடுத்தேன்.

“உங்க வீட்டுக்காரர் பேர்?”

கோமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “அதை எப்படி நான் சொல்லுவேன்?”

“சொன்னால்தானே எழுத முடியும்?”

“அந்தா, அங்கன இருக்காருல்லா. இலஞ்சிச் சாமி. அவரு பேருதான்.”

கை காட்டிய திசையில் வெள்ளைப் புகை மட்டும் இருந்தது. “முருகனா?” என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். நான் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவப் பெண். இலஞ்சிக் கோயில் முருகன் கோயில் என்று தெரியும். அதற்கு மேல் தெரியாது. ‘முருகன்’ என்று அழகாக எழுதினேன்.

மற்றவற்றுக்குப் பதில் தடையில்லாமல் வந்தது. இடது புருவத்தின் மேல் அரிவாள் பட்ட தழும்பு. வலது காது கொஞ்சம் மந்தம். சாப்பிட உட்கார்ந்தால் முதல் கவளத்தை இலை ஓரத்தில் ஒதுக்கி வைக்கும் பழக்கம். பதின்மூன்றாவது கேள்வி இப்படி இருந்தது: ‘குடும்பத்தாருக்கு மட்டுமே தெரிந்த ஒரு செய்தி, ஆளை அடையாளம் காண.’

கோமதி அருவிச் சத்தம் வரும் பக்கம் திரும்பினாள்.

“ரங்கூன் போறதுக்கு முந்தின நாளு குளிக்க வந்தோம். பேரருவிக்கு எதுத்தாப்ல நின்னு என்னமோ சொன்னாக. தண்ணிச் சத்தத்துல கேக்கலை. என்னதுன்னு கேட்டேன். பொறவு சொல்லுதேன்னுட்டாக. சொல்லவே இல்லை.”

நான் அதை இப்படி எழுதினேன்: ‘பேரருவிக்கு எதிரே நின்று அவர் கூறிய ஒரு சொல், நீரின் இரைச்சலால் மனைவியின் செவியில் விழவில்லை.’ எழுதிவிட்டு, நன்றாக அமைந்துவிட்டதென்று திருப்திப்பட்டதும் நினைவிருக்கிறது.

இருபது நாளில் பதில் வந்தது. வாசித்துக் காட்டச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தாள். பெயர் வரும் இடத்தில் அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். புருஷன் பெயர் காதில் விழுவதுகூட அவளுக்குக் கூச்சம். ஆகவே அந்த இடங்களில் ‘உங்கள் வீட்டுக்காரர்’ என்று மாற்றி வாசித்தேன்.

சொன்ன அடையாளங்களுடன் ஓர் ஆள் முகாமில் இருக்கிறார்; காய்ச்சலில் நினைவு தடுமாறியிருந்து இப்போது தேறிவருகிறார். பதிவுக் கட்டணம் ஐந்து ரூபாய். அதை அவர் பெயருக்கே அனுப்பலாம். அவரே கைநாட்டு வைத்துப் பெற்றுக்கொள்வார். திரும்பி வரும் ரசீதே அவர் உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி. விஷயம் முடியும்வரை பிறரிடம் சொல்ல வேண்டாம்.

தனி ஆள் பெயருக்குப் பணம் என்றால் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். இங்கே அந்தத் தனி ஆளே அவளுடைய புருஷன். மணியார்டர் பாரத்தை நானே எழுதினேன்.

ஒன்பதாம் நாள் ரசீது வந்தது. அடியில் ஒரு பெருவிரல் ரேகை. கோமதி அதை வாங்கி, தன் இடது பெருவிரலை மெல்ல அதன் மேல் வைத்தாள். அப்படியே நின்றாள்.

“சூடா இருக்கு” என்றாள்.

பிறகு தினமும் விடிந்ததும் விளக்கேற்றிவிட்டு அதன் மேல் விரல் வைப்பதாகச் சொன்னாள்.

அடுத்து வந்தது அவனே சொல்லி யாரோ எழுதியதாக ஒரு கடிதம். அதை வாசித்த பிற்பகலில் வெளியே ஒன்றுமே தெரியவில்லை. ஜன்னல் கம்பிக்கு அப்பால் உலகம் முடிந்துபோனது போலிருந்தது. ‘என் முதல் கவளத்தை இங்கேயும் ஒதுக்கி வைக்கிறேன்’ என்று வாசித்தேன். ‘பேரருவிக்கு எதிரே நின்று நான் கூறிய ஒரு சொல், நீரின் இரைச்சலால் உன் செவியில் விழவில்லை. அதை நேரில் சொல்வதற்காகவே உயிரோடு இருக்கிறேன்.’

இந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறேன். எனக்கு மிகவும் தெரிந்த ஒருவரின் குரல். யாரென்று பிடிபடவில்லை. பார்க்காத ஒரு மனிதனின் பேச்சு எனக்கு எப்படிப் பழகியதாக இருக்க முடியும்? கோமதி அழுதுகொண்டிருந்தாள். நான் கடிதத்தை மடித்துக் கொடுத்தேன்.

அந்தக் கடிதம் கேட்ட பதினைந்து ரூபாய் வைத்தியச் செலவுக்குப் போயிற்று. இரண்டாவது ரசீது வந்தது. அதன் பிறகு ஆவணியில் மூன்றாவது கடிதம்: மானிய முத்திரை, ரயில் செலவு, முகாம் விடுதலைப் பத்திரம் எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய். பத்து நாள் கெடு. தவறினால் ஆளை வேறு தொலைதூர முகாமுக்கு மாற்றிவிடுவார்கள். பிறகு தேட முடியாது.

கோமதியிடம் இருந்தது அப்பா சீதனமாகக் கொடுத்த ஒரு துண்டு வயல். அவள் சாப்பாடு அதிலிருந்துதான். பக்கத்து வயல்காரர் விலை பேசிவிட்டார். வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசில் பத்திரம். பழைய பத்திரத்தையும் மூன்று கடிதங்களையும் இரண்டு ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை வந்தாள், மணியார்டருக்கு முன்கூட்டியே பாரம் எழுதி வாங்க. அன்று போஸ்ட்மாஸ்டரும் குற்றாலத்தில் இருந்தார்.

அவள் பின்னாலேயே மேகத்துக்குள்ளிருந்து இன்னொருத்தி வந்தாள். முதலில் குரல் வந்தது.

“ஏ மதினி! வயலை விக்கப்போறியாமே. ஊரே சொல்லுது, எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா?”

புருஷனின் தங்கை செல்லம்மாள். செங்கோட்டையில் வாக்கப்பட்டவள்.

“மெல்லப் பேசுட்டி. ஆபீஸ்லா இது.”

“ஆபீசுன்னா என்ன, கோயிலா? யாருக்கு ரூவா?”

கோமதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். “ஏட்டி, உங்க அண்ணனுக்கு. உயிரோட இருக்காக. சொல்லக் கூடாதுன்னு எழுதியிருக்கு.”

செல்லம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ரசீதைப் பிடுங்கினாள். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள்.

“மு… ரு… கன். இது யாரு முருகன்?”

“உங்க அண்ணன்தான்” என்றேன் நான்.

“எங்க அண்ணனா? எங்க அண்ணன் பேரு குமாரசாமில்லா!”

கோமதி சட்டென்று காதைப் பொத்தினாள்.

“இலஞ்சியில இருக்கது குமாரரு. அவரு பேரைத்தான் வச்சாக எங்க அய்யா. முருகன்னு எங்க வம்சத்துலயே ஒருத்தன் கிடையாது. யாருக்கு ரூவா அனுப்புனீக?”

முருகன் என்று ஒருவன் இல்லை. அந்தப் பெயரை வைத்தது நான், இந்த நாற்காலியில் உட்கார்ந்து. அவன் இரண்டு தடவை பணம் வாங்கிக் கைநாட்டு வைத்திருக்கிறான். கடிதம் எழுதியிருக்கிறான். மனைவிக்குச் சொல்ல வேண்டிய ஒரு சொல்லுக்காக உயிரோடு இருக்கிறான்.

எதை எழுதினாலும் ஒரு நகல் எடுத்து வைப்பது என் வழக்கம். மனுவின் நகலை எடுத்து, ஒரு தாளில் நடுவே கோடு கிழித்தேன். இடது பக்கம் மூன்று கடிதங்களிலும் அவனைப் பற்றி வந்த ஒவ்வொரு செய்தி. வலது பக்கம் அது மனுவில் எங்கே இருக்கிறது. தழும்பு: ஏழாம் கேள்வி. காது மந்தம்: எட்டு. முதல் கவளம்: பதினொன்று. அருவி: பதின்மூன்று, அதுவும் சொல்லுக்குச் சொல். ‘செவியில் விழவில்லை’ என்று இலஞ்சியிலிருந்து மூட்டை தூக்கப் போன எவரும் பேசமாட்டார். அது பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துத் தமிழ். அந்தக் குரல் யாருடையது என்று அப்போது தெரிந்தது. என்னுடையது.

இடது பக்கத்தில் இருந்தவை எல்லாம் வலது பக்கத்தில் இருந்தன. மீதி ஒன்றும் இல்லை.

போஸ்ட்மாஸ்டர் இரண்டு ரசீதுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியைப் பிடித்தார். ஒன்றில் கோடுகள் நடுவில் சுழன்று நின்றன. மற்றதில் ஒரு பக்கமாக வந்து வளைந்து, அதே பக்கமாக வெளியேறின.

“ரெண்டும் வேற வேற ஆளு” என்றார். எப்போதும் போடும் சத்தம் இல்லை.

தவறு அங்கே பணம் கொடுத்த தபால்காரருடையதும் அல்ல. முகவரியில் முருகன் என்று ஒருவன் கை நீட்டியிருக்கிறான். அந்த அறையை வைத்திருந்தவன் சாட்சி போட்டிருக்கிறான். விதிப்படி எல்லாம் சரி.

கோமதி ரசீதுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டுல எது அவுக?”

“ரெண்டும் இல்லைம்மா” என்றேன்.

“ஒண்ணாவது அவுகளா இருக்கலாம்லா? மறு தடவை காச்சலா இருந்து வேற ஆளு வச்சிருப்பாக.”

“கோமதி, நான் பேரைத் தப்பா எழுதினேன். நீங்க சொன்னதை எல்லாம் எழுதி நானே அவங்க கையில் கொடுத்தேன். அதைத்தான் திருப்பித் திருப்பி நமக்கே அனுப்புறாங்க. என் தப்பு.”

“நீங்க முருகன்னு எழுதிக் குடுத்தீக. அங்கன அவுகளை அப்படித்தான கூப்பிடுவாக? சர்க்கார்ல பேரு மாறுறது புதுசா? அவுகளுக்கு வேற காது மந்தம். என்ன பேரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாப்பாக.”

“மதினி, இவ்வளவு சொல்லியும் உனக்குப் புரியலையா?”

“ஏட்டி, நீ சும்மா இரு. உனக்கு அண்ணன். எனக்கு…” அவள் நிறுத்தினாள். “வயலு போனாப் போகுது. கூலிக்கு நட்டுக்கிடுவேன். அன்னைக்கு என்ன சொன்னாகன்னு எனக்குத் தெரியணும் தந்தியம்மா. அதை வேற யாருட்ட போய் நான் கேப்பேன்?”

என் தாளை மடித்து ஓரமாக வைத்தேன். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

“அவரிடம் ஒரு கேள்வி கேட்போம்” என்றேன். “மனுவில் இல்லாத ஒன்று. உங்களுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது. தந்தியில் கேட்கலாம். பதிலுக்கும் நானே கட்டணம் கட்டுகிறேன். நீங்களே கேள்வியைச் சொல்லுங்கள். சரியான பதில் வந்தால் பாரத்தை நான் எழுதித் தருகிறேன்.”

போஸ்ட்மாஸ்டர் இருமினார். தடுக்கவில்லை.

கோமதி நகலைத் தன் பக்கம் இழுத்தாள். வாசிக்கத் தெரியாதவள். ஆனால் எல்லாக் கட்டத்திலும் மை இருக்க, ஒன்றில் மட்டும் இல்லை என்பது யாருக்கும் தெரியும். அதன் மேல் விரலை வைத்தாள்.

“இது என்ன?”

“பிள்ளைகள் எத்தனை, பெயர் என்ன என்ற கேள்வி.” அதை நான் அன்று கேட்காமலே விட்டிருந்தேன். கல்யாணமாகிப் பல வருஷம் ஆனவள் குழந்தையைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாதபோது, கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவள் அந்த வெள்ளைக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “மகன் கேக்கான், அவனுக்கு என்ன சொல்லட்டும்னு கேளுங்க.”

“மதினி, நமக்கு ஏது…” என்று தொடங்கிய செல்லம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தந்தியை நானே அடித்தேன். மதுரைப் பயிற்சியிலிருந்து அன்றுவரை எத்தனையோ பொய்யான சேதிகள் என் விரல் வழியாகப் போயிருக்கும். பொய் என்று தெரிந்து நான் அனுப்பியது அது ஒன்றுதான்.

மறுநாள் பிற்பகல் அவர்கள் இரண்டு பேரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சாரல் விடவில்லை. கம்பி ஈரத்தில் அவ்வப்போது தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு மேல் தென்காசி முறையாகக் கூப்பிட்டது. பென்சிலை எடுத்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ். ஒவ்வோர் எழுத்தாக அது என் காதுக்குள் வந்தது. நான் எழுத எழுத, இல்லாத ஒரு தகப்பன் பிறக்காத ஒரு குழந்தையைக் கொஞ்சினான். என் கை நிற்கவில்லை. நிற்கக் கூடாது என்பது பயிற்சி. ஆனால் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போல இருந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியும், கையெழுத்து வரை எழுதி முடித்த பிறகே திரும்பினேன். சுவர்தான் இருந்தது.

எழுந்து போய் அவர்கள் முன்னால் நின்று வாசித்தேன்.

“மகனுக்கு என் ஆசி. அவன் முகம் கண்ணிலேயே நிற்கிறது. என்னைத் தேடி அழ வேண்டாம் என்று சொல். அவனுக்காகவாவது பணத்தை உடனே அனுப்பு. முருகன்.”

இந்தத் தடவை பெயரையும் மாற்றாமல் வாசித்தேன். கோமதி காதைப் பொத்தவில்லை.

செல்லம்மாள் விசும்பத் தொடங்கினாள். கோமதி அழவில்லை. தந்தித் தாளைக் கையில் வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“மகனுக்குப் பேரு போட்டிருக்கா?”

“இல்லைம்மா.”

“எப்படிப் போடுவாக?” என்றாள். “நாம சொல்லலைல்லா.”

தாளைக் கவுண்டர் மேல் வைத்தாள். மடியிலிருந்து இரண்டு ரசீதுகளையும் எடுத்து அதன் மேல் வைத்தாள். வயல் பத்திரத்தை மட்டும் முந்தானைக்குள் பொதிந்து, நனையாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எந்திரிட்டி செல்லம்மா. பிசான நெல்லுக்கு உழவு சொல்லணும். ஏர்க்காரரு வீட்டுக்குப் போயிட்டுப் போவோம்.”

இருவரும் சாரலுக்குள் இறங்கினார்கள். முதலில் அவர்கள் பாதம் மறைந்தது, பிறகு உடம்பு. குரல் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது. கோமதிதான் பேசிக்கொண்டு போனாள், விதை நெல்லைப் பற்றி.